அரிசி மூட்டையுடன் ஓர் உலா

கொரட்டூரில் எங்கள் தெருவாசிகள் என்னைப் பற்றி ஒரு தீர்மானத்துக்கு வந்துவிட்டார்கள். நாவல் எழுதுகிறவன் என்றாவது ஒருநாள் இப்படி ஆவான் என்று அவர்கள் எதிர்பார்த்ததுதான். விடியற்காலையில் முதுகில் பையை மாட்டிக்கொண்டு ஒருவன் விறுவிறுவென்று நடக்கிறான். திடீரென்று கல்யாண ஊர்வலத்தில் போகிறவனைப் போல் அசைந்து அசைந்து போகிறான். கைக்கடிகாரத்தைப் பார்த்ததும் மறுபடி விறுவிறுவென்று கிளம்புகிறான். "பைக்குள் என்ன சார்?" என்று பால்காரர் கேட்டார். "அரிசி" என்றேன். "ரேஷன் கடை திறக்க இன்னும் நேரம் இருக்கிறதே!" என்றார் அனுதாபத்துடன்.

காரணம் இல்லாமல் இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் தெரு ஏரியின் ஒரு கிளையாகிவிட்டது. நாங்கள் இருப்பது இரண்டாவது மாடி, லிப்ட் கிடையாது. மின்சாரம் இல்லை, குழாயில் தண்ணீர் இல்லை, வீட்டில் எழுபத்தைந்தைத் தாண்டிய அம்மா. முழங்கால் அளவு வெள்ளத்தில் நடந்துபோய் ஒரு தண்ணீர்க் கேன் சம்பாதித்தேன். இருபது லிட்டர் என்றால் இருபது கிலோ என்பது பள்ளிக்கூடத்தில் படித்த கணக்குத்தான். தோளில் ஏற்றிய பிறகே அது புரிந்தது. பத்தடிக்கு ஒருமுறை நின்றேன். இறக்கி வைக்கலாமென்றால் எங்கும் சாக்கடை கலந்த நீர். கடைசியில் முன்பின் தெரியாத ஒரு பையன் அதை வாங்கிக்கொண்டு மாடி ஏறினான். அம்மா அவனை வாயார வாழ்த்தினாள். என்னைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் உறுத்தியது.

வெள்ளம் வடிந்த கையோடு மகனுடைய பழைய பள்ளிக்கூடப் பையில் பத்துக் கிலோ அரிசியைப் போட்டுக்கொண்டு ஓடினேன். ஆமாம், ஓடினேன். அசட்டுத்தனத்துக்கு வயது வரம்பு இல்லை. பை இடுப்புக்குக் கீழே தொங்கி என்னைப் பின்னால் இழுத்தது. இடது முழங்கால் ஒன்பது நாள் என்னோடு பேசவில்லை.

பிறகுதான் படிக்க உட்கார்ந்தேன். இடைவெளி விட்டுப் பயிற்சி செய்வதை ஒரு முறையாக வகுத்தவர்களில் ஜெர்மனியின் ஃப்ரைபுர்க் நகரத்தில் இருந்த கெர்ஷ்லர் என்ற பயிற்சியாளர் முக்கியமானவர். 1930களில் ரெய்ண்டெல் என்ற இருதய வைத்தியரோடு சேர்ந்து வேலை செய்தார். நாடி 180 வரை ஏறும்படி ஓடவிடுவார். 120க்கு இறங்கும்வரை காத்திருப்பார். ஒன்றரை நிமிஷத்துக்குள் இறங்காவிட்டால், கொடுத்த வேலை அதிகம் என்று அர்த்தம். இருதயம் பலப்படுவது ஓடும்போது அல்ல, ஓய்வில்தான் என்பது அவர்கள் சித்தாந்தம். அவருடைய சீடர் ஹார்பிக் 1939இல் மிலான் நகரில் 800 மீட்டரை 1 நிமிஷம் 46.6 விநாடியில் ஓடினார். அந்தச் சாதனை பதினாறு வருஷம் நின்றது.

எனக்கு மிலான் வேண்டாம். இரண்டு மாடி போதும். ஜப்பானில் ஷின்ஷூ சர்வகலாசாலைக்காரர்கள் நடுவயதுக்காரர்களையும் முதியவர்களையும் மூன்று நிமிஷம் வேகமாக, மூன்று நிமிஷம் மெதுவாக என்று ஐந்து சுற்று நடக்கவைத்தார்கள். ஒரே சீராக நடந்தவர்களைவிட இவர்களுக்குக் கால் வலுவும் கூடியது, ரத்த அழுத்தமும் இறங்கியது என்று 2007இல் எழுதினார்கள். ஆனால் அவர்கள் முதுகில் அரிசி இல்லை. ஆகவே என் திட்டம் சற்றுக் கோழைத்தனமானது. வாரத்தில் இரண்டு நாள்தான் பை. மூன்று கிலோவில் ஆரம்பம். அரிசியைத் துண்டில் சுற்றி, தோள்பட்டைக்கு அருகில், முதுகோடு ஒட்டினாற்போல் கட்டவேண்டும். ஓட்டம் கூடவே கூடாது. சுமை, வேகம், சுற்று இம்மூன்றில் ஒரு வாரத்தில் ஒன்றைத்தான் கூட்டலாம். மெதுவான மூன்று நிமிஷத்துக்குள் பால்காரருக்கு ஒரு முழு வாக்கியம் பதில் சொல்ல மூச்சு வராவிட்டால், அடுத்த வேகத்தை ஒத்திப்போடவேண்டும்.

இதையெல்லாம் அம்மாவிடம் விளக்கினேன். "இதற்கு ஜெர்மனிக்காரன் எதற்குடா? எங்கள் ஊர் ரோட்டிலேயே இருந்ததே!" என்றாள். சுமைதாங்கிக் கல்லைச் சொல்கிறாள். இரண்டு கல் நட்டு, மேலே ஒரு கல்லைக் குறுக்கே போட்டிருப்பார்கள். தலைச்சுமையோடு வருகிறவள், இறக்கிவிட ஆள் தேடாமல், குனியாமல், அப்படியே அதன்மேல் தள்ளிவிட்டு மூச்சு வாங்கலாம். பிள்ளையை வயிற்றில் சுமந்தபடியே இறந்துபோன பெண்ணின் நினைவாக அதை நடுவது வழக்கம். அவள் இறக்காமல் போன சுமைக்காக. சிறுமியாக விறகுக் கட்டோடு வரும்போது அம்மா அந்தக் கல்லை எண்ணிக்கொண்டேதான் நடப்பாளாம். "இன்னும் எவ்வளவு தூரம் என்று தெரிந்தால் வேகமாக நடக்கலாம்" என்றாள்.

எனக்கு இப்போது ஏரிக்கரைப் பக்கம் ஒரு குட்டிச்சுவர் இருக்கிறது. மூன்றாவது சுற்று முடிந்ததும் பையை அதன்மேல் வைத்துவிட்டு, நாடியைப் பிடித்துப் பார்க்கிறேன்.

போன வாரம் திரும்பி வந்தபோது அம்மா பையைத் தொட்டுப் பார்த்து, "இப்போது எத்தனை கிலோ?" என்று கேட்டாள்.

"எட்டு" என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

"நான் நாற்பத்திரண்டு. மழைக்காலம் வருகிறது" என்று சொல்லிவிட்டு, காப்பி போட உள்ளே போனாள்.