பூநகரி மணலில் வத்தகைக் கொடி

யாழ்ப்பாணத்திலிருந்து நாவற்குழி, தனங்கிளப்பு, கேரதீவு வழியாகப் பூநகரிக்குப் போகிறவர்கள் இப்போது கடல்நீரேரியைச் சங்குப்பிட்டிப் பாலத்தால் கடக்கிறார்கள். இந்தப் பாலம் 2011 ஜனவரியில் திறக்கப்பட்டது. முன்னொரு காலத்தில் இந்த இடத்தில் பாதையில் ஏறித்தான் அக்கரைக்குப் போக வேண்டும். பாலத்தைத் தாண்டினால் உவர்வெளியும் பனைகளும் வயல்களும் மாறி மாறி வரும். பூநகரி என்றதும் நம்மவர்களுக்கு மொட்டைக்கறுப்பன் அரிசிதான் நினைவுக்கு வரும். நான் போனது மாசி மாதம். நெல் வெட்டி முடிந்த வயல்களில் மாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. ஆனால் நான் பார்க்கப் போனது மணல் தோட்டத்தில் படரும் வத்தகைக் கொடியை. தமிழ்நாட்டில் தர்பூசணி என்கிறார்களே, அதேதான்.

வத்தகை சூட்டை விரும்பும் பயிர். அதன் தாயகம் ஆபிரிக்கா. வெயிலுக்குக் குறைவில்லாத பூநகரியில் அது ஆண்டு முழுவதும் விளையும் என்றே நாம் நினைப்போம். உண்மை அப்படியல்ல. ஐப்பசி தொடங்கி மார்கழி வரை வடகீழ்ப் பருவமழை. வேரில் தண்ணீர் தேங்கினால் கொடி அழுகிவிடும். தை பிறந்து மழை ஓய்ந்த பிறகே விதை போடலாம். அப்போதும் பனி விடுவதில்லை. இலையில் இரவெல்லாம் ஈரம் நின்றால் பூஞ்சண நோய் வரும். பனி கழிந்து வெயில் ஏறினால், பங்குனி, சித்திரையில் கரையோரக் கிணறுகள் உவர்க்கத் தொடங்கும். இந்த இரண்டுக்கும் நடுவில் கிடைப்பது மூன்று மாதமளவுதான். நம் நாட்டில் பலரும் பயிரிடும் 'சுகர் பேபி' இனத்துக்கு விதை போட்டுப் பழம் பறிக்க ஏறக்குறைய 80 நாட்கள் வேண்டும். கணக்கு எவ்வளவு நெருக்கம் என்று பாருங்கள்.

நான் சந்தித்த அக்கா 2008இல் இடம்பெயர்ந்து, செட்டிகுளம் முகாமில் இருந்து, 2010இல் திரும்பி வந்தவர். குடும்பத்தைத் தனியே தாங்குகிறார். வளவுக்குப் பின்னால் அரை ஏக்கர் மணல் தோட்டம். அதில் அவர் வெட்டியிருந்தது 40 கிடங்குகள் மட்டுமே.

"இவ்வளவு நிலம் கிடக்கே அக்கா, ஏன் கொஞ்சமாய் வெட்டினீங்கள்?" என்று கேட்டேன்.

"நிலத்தைப் பாத்து வெட்டுறேல்லைத் தங்கச்சி, கிணத்தைக் கேட்டுத்தான் வெட்டுறது" என்றார்.

காலையும் மாலையும் கிடங்குக்கு ஒரு வாளி. ஆக ஒரு நாளைக்கு 80 வாளி. அதற்கு மேல் அள்ளினால் கிணறு தாங்காது என்பது அவருடைய அனுபவம். தினமும் விடியற்காலையில் முதல் வாளித் தண்ணீரை வாயில் விட்டுப் பார்க்கிறார். ருசி மாறினால் அன்றைக்கு இறைப்பைக் குறைத்துவிடுவார்.

இது வெறும் நம்பிக்கை அல்ல. கடலோர மணலில் மழைநீர், கீழேயுள்ள உவர்நீரின் மேல் மிதந்துகொண்டு நிற்கிறது. நன்னீர் பாரம் குறைந்தது என்பதே காரணம். நன்னீர் கடல்மட்டத்துக்கு மேலே ஓர் அடி நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடிக்கு நன்னீர் இருக்கும் என்பது நிலத்தடி நீர் பற்றிய பொதுவான கணக்கு. ஆகவே மேலே சிறிது குறைந்தாலும் கீழே உவர் பல மடங்கு ஏறிவிடும். மோட்டார் போட்டு ஒரே மூச்சில் இறைக்கும்போது நடப்பது இதுதான். வாளியால் அள்ளும்போது கிணறு ஊறிக்கொள்ள நேரம் கிடைக்கிறது.

உவர் ஏறினால் வாடுவது கொடி மட்டுமல்ல. அதே மணலில்தான் அயல்வீட்டுக் குடிநீர்க் கிணறும் இருக்கிறது. அது உவர்த்தால் குடத்தோடு பவுசரைப் பார்த்து வீதியில் நிற்கப்போவது பெண்கள்தான். "பழம் வித்த காசிலை தண்ணி வாங்கிக் குடிக்கிறதெண்டால் பிறகென்னத்துக்குத் தோட்டம்?" என்று அக்கா கேட்டதில் நியாயம் உண்டு.

அவருடைய மகள் கனடாவில், ரொறன்ரோ நகரில் இருக்கிறார். அவரும் வீட்டுக்குப் பின்னால் நான்கு வத்தகைக் கொடி வைத்திருந்தாராம். கைத்தொலைபேசியில் படம் காட்டினார். அங்கே வைகாசி வரை உறைபனிப் பயம். குளிர்ந்த மண்ணில் வத்தகை விதை முளைக்காது. அதனால் சித்திரை கடைசியில் சிறு கோப்பைகளில் விதை போட்டு, யன்னலோரம் வைத்துக் கன்றாக்குகிறார்கள். ஆனி பிறக்கும்போது வெளியே நடுகிறார்கள். மண் சூடேறக் கறுப்புப் பிளாஸ்ரிக் தாள் விரிக்கிறார்கள். புரட்டாதியில் குளிர் திரும்புமுன் பழம் பறித்தாக வேண்டும். அங்கே மண்ணின் சூட்டை எண்ணுகிறார்கள், இங்கே கிணற்றின் நன்னீரை எண்ணுகிறார்கள்.

மகளிடம் கேட்டு அக்காவும் ஒன்றைச் செய்திருக்கிறார். மழை முற்றாக ஓயுமுன்பே, கூரைத் தாழ்வாரத்தில் தயிர்க் கோப்பைகளில் விதை போட்டு, மூன்று கிழமைக் கன்றை வேர் குலையாமல் கிடங்கில் வைக்கிறார். மாட்டெருவும் மேல்மண்ணும் முன்பே கலந்திருக்கும். கன்றைச் சுற்றி வைக்கோல் மூடுவதால் மணல் சீக்கிரம் காய்வதில்லை. இதனால் கிணற்று இறைப்பில் இருபது நாட்கள் மிஞ்சுகின்றன என்கிறார்.

வீட்டில் வைத்துப் பார்க்க விரும்பும் சகோதரிகளுக்கு இன்னும் சில விடயங்கள். முதலில் வருபவை ஆண்பூக்கள். காய் பிடிக்கவில்லையே என்று பதற வேண்டாம். பெண்பூவின் அடியில் சிறு பிஞ்சு தெரியும். பூ ஒரு நாள்தான் விரிந்திருக்கும். காலையில் தேனீ வரும் நேரத்தில் மருந்து அடிக்காதீர்கள். கொடிக்கு இரண்டு காய் போதும். பறித்த பின் வத்தகை பழுக்காது. காய்க்கு அருகிலுள்ள சுருள் காய்ந்து, மண்ணில் படும் பக்கம் வெள்ளை மாறி மஞ்சளானால் பறிக்கலாம். அதற்கு முந்திய ஒரு கிழமை தண்ணீரைக் குறைத்தால் இனிப்புக் கூடும், கிணறும் ஆறும்.

கிணற்றைப் பொறுத்தவரை ஒரு தோட்டக்காரி மட்டும் கவனமாக இருந்து பயனில்லை. ஒரே மணலில் நீர் எடுக்கும் நான்கைந்து வீட்டார் சேர்ந்திருந்து, யார் எத்தனை கிடங்கு வெட்டுவது, எத்தனை வாளி அள்ளுவது என்று தை மாதத்திலேயே பேசிக்கொள்வது நல்லது. மாதர் சங்கக் கூட்டங்களில் எடுத்துப் பேச இதைவிட அவசியமான விடயம் கரையோர ஊர்களுக்கு வேறு இருக்குமா?