கடைசியில் சாப்பிடுகிற கேப்டன்

உங்கள் பிள்ளையின் பள்ளியில் பி.டி. சாரின் பெயர் என்ன?

யோசிக்கிறீர்கள், இல்லையா? மேத்ஸ் டீச்சரின் பெயர், அவர் வீட்டில் டியூஷன் எத்தனை மணிக்கு, மாசம் எவ்வளவு... எல்லாம் விரல் நுனியில் இருக்கும். பி.டி. சாரைக் கேட்டால் மட்டும், ‘கழுத்துல விசில் போட்டிருப்பாரே... உயரமா ஒருத்தர்’ என்போம். பள்ளியிலும் அவருக்கு அந்த மரியாதைதான். பிரேயரில் வரிசையை நேராக்குவது, லேட்டாக வருகிறவனை கேட்டில் நிறுத்துவது, முடி வெட்டாதவனைப் பிடிப்பது, ஆண்டு விழாவுக்குப் பந்தல்காரரிடம் பேசுவது... இதெல்லாம் அவர் வேலை. அவருடைய பீரியடை மட்டும், போர்ஷன் முடிக்காத சயின்ஸ் மிஸ் கடன் வாங்கிக்கொள்வார். திரும்பி வராத கடன்!

வராக்கடன் என்றால் என்ன என்று நான் பி.காமில் படித்தேன். ஆனால், கணக்கு எழுதக் கற்றுக்கொடுத்தது எங்கள் ஹைஸ்கூல் பி.டி. சார்தான். எனக்கு ஓடவும் வராது, எகிறவும் வராது. ‘உனக்குக் கையெழுத்து நல்லா இருக்குடா, டீமோட வா’ என்று சொல்லி, வாலிபால் டீமோடு என்னையும் பஸ்ஸில் ஏற்றிவிட்டார். கையில் ஒரு நாற்பது பக்க நோட்டு. பஸ் சார்ஜ், சாப்பாடு, ஆரஞ்சு, அடிபட்டவனுக்கு ஐஸ் கட்டி... பத்து பைசா விடாமல் எழுத வேண்டும். துண்டு விழுந்தால் சாரின் சட்டைப் பையிலிருந்து வரும். அதையும் எழுதச் சொல்வார். திருப்பி வாங்கிக்கொள்ள மட்டும் மாட்டார்.

அந்தப் பயணங்களில் அவர் ஒரு சட்டம் வைத்திருந்தார். கேப்டன் கடைசியில்தான் சாப்பிட வேண்டும். எல்லா இலையிலும் சோறு விழுந்ததா என்று பார்த்துவிட்டுத்தான் அவன் உட்கார வேண்டும். நெட், பந்து, பைகளை எண்ணி பஸ்ஸில் ஏற்றுவதும் அவன் பொறுப்பு. எங்கள் டீமில் பந்தை ஓங்கி அடிக்கிற பையன் ஒருத்தன், கேப்டன் வேறொருத்தன். ஏன் சார் என்று கேட்டதற்கு, ‘நல்லா அடிக்கிறவன் அடிக்கட்டும்டா. எல்லாரும் வந்துட்டாங்களான்னு திரும்பிப் பார்க்கிறவன்தான் கேப்டன்’ என்றார்.

லீடர்ஷிப் பற்றி ஏ.சி. ஹால்களில் நடந்த எத்தனையோ செமினார்களில் நிருபராக உட்கார்ந்து குறிப்பெடுத்திருக்கிறேன். இவ்வளவு சுருக்கமாக யாரும் சொன்னதில்லை.

அந்த கேப்டன் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் நான் சேர்ந்த அதே கல்லூரிக்கு வந்தான். இன்றைக்கு சப்-இன்ஸ்பெக்டர். ஓங்கி அடித்தவனையும் வேறொரு கல்லூரி கூப்பிட்டுக்கொண்டது. இரண்டாம் வருஷம் முட்டியில் அடி. ஆட முடியாதவனை அங்கே யாரும் தேடவில்லை. பரீட்சைக்கு அரியர்ஸ் சேர்ந்து, டிகிரி முடியாமலேயே ஊருக்குத் திரும்பினான். இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் போனவர்கள். ஒருத்தனைத் திரும்பிப் பார்க்க ஆள் இருந்தது, இன்னொருத்தனுக்கு இல்லை.

சரி, இந்த ‘பி.டி. சார்’ நம் ஊருக்கு எப்படி வந்தார்? 1919-ல் ஹாரி க்ரோ பக் என்ற அமெரிக்கர் மெட்ராஸ் வந்து சேர்ந்தார். 1920-ல் ஒய்.எம்.சி.ஏ. சார்பில், உடற்கல்வி ஆசிரியர்களை உருவாக்க ஒரு பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். ஆசியாவிலேயே இந்த வகையில் முதல் நிறுவனம் என்று பெயர் பெற்றது. 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இந்திய அணியின் மேனேஜராகப் போனவரும் இவர்தான். நந்தனத்தில் புத்தகக் கண்காட்சிக்குப் போவோமே, அந்த ஒய்.எம்.சி.ஏ. வளாகத்தில் இருப்பது பக் தொடங்கிய கல்லூரிதான். அங்கே படித்துவிட்டு ஊர் ஊராகப் போன வாத்தியார்கள் எத்தனை பேர்! எந்த ஒலிம்பிக் பட்டியலிலும் அவர்கள் பெயர் இருக்காது.

மதுரைப் பக்கம் சக்கிமங்கலம் ரேவதி வீரமணியை உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். சின்ன வயதிலேயே அப்பா, அம்மாவை இழந்த பெண். பாட்டி ஆரம்மாள் கூலி வேலைக்குப் போய் வளர்த்தார். ப்ளஸ் டூ படிக்கிறபோது ஒரு போட்டியில் வெறுங்காலோடு ஓடினார் ரேவதி. அதைப் பார்த்தவர் பயிற்சியாளர் கண்ணன்.

இதற்குப் பிறகு கண்ணன் செய்ததை வரிசையாக எழுதிப் பாருங்கள். தயங்கிய பாட்டியிடம் பேசிச் சம்மதிக்கவைத்தார். மதுரை லேடி டோக் கல்லூரியில் இடம், ஹாஸ்டல் கிடைக்க வழி செய்தார். ஷூ வாங்கிக்கொடுத்தார். இந்தப் பட்டியலில் ஓட்டப் பயிற்சி என்பது இன்னும் வரவே இல்லை! இவ்வளவும் முடிந்த பிறகுதான் அது ஆரம்பிக்கிறது. 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் 4x400 மீட்டர் கலப்பு ரிலேயில் ரேவதி ஓடினார். அணியின் நான்கு பேரில் மூன்று பேர் தமிழ்நாடு. தகுதிச் சுற்றில் தன் ஹீட்டில் நம் அணி கடைசியாக வந்தது. அதனால் என்ன? சக்கிமங்கலத்திலிருந்து டோக்கியோவரை ஒரு பாதை இருக்கிறது என்று அந்தப் பக்கத்துப் பெண் பிள்ளைகளுக்குத் தெரிந்துவிட்டது. விளையாட்டு மூலமாகவே ரேவதிக்கு ரயில்வே வேலையும் கிடைத்தது.

‘ஜெயிச்சவங்க கதையா சொல்றீங்க. ஜெயிக்காத மத்தவங்க?’ என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. நியாயமான கேள்வி. பள்ளி, கல்லூரி விளையாட்டுக்குப் பணத்தைக் கொட்டுகிற நாடு அமெரிக்கா. அங்கே என்.சி.ஏ.ஏ. என்ற அமைப்பின் கீழ் 5 லட்சம் மாணவர்கள் கல்லூரிகளுக்காக விளையாடுகிறார்கள். அவர்களில் விளையாட்டையே தொழிலாக்கிக்கொள்பவர்கள் 2 சதவிகிதத்துக்கும் குறைவு என்று அந்த அமைப்பே சொல்கிறது. மீதி 98 பேர் வேறு வேலைக்குத்தான் போக வேண்டும். அப்படியானால் கோச் யாருக்காக வேலை செய்ய வேண்டும்?

இதற்குப் பதில் சொன்னவர் பேட் சம்மிட். டென்னஸி பல்கலைக்கழகத்தில் பெண்கள் கூடைப்பந்து அணிக்கு 1974-ல் அவர் தலைமைப் பயிற்சியாளரானபோது வயது 22. மாசச் சம்பளம் 250 டாலர். வேன் ஓட்டியது, யூனிஃபார்ம் துவைத்தது எல்லாம் அவரேதான். 2012-ல் ஓய்வு பெறும்போது 1,098 வெற்றிகள், 8 தேசிய சாம்பியன் பட்டங்கள். ஆனால், எனக்குப் பிடித்தது வேறு கணக்கு. அவருடைய மாணவிகள் வகுப்புக்கு மட்டம் போடக் கூடாது. முதல் மூன்று வரிசைக்குள் உட்கார வேண்டும். அவரிடம் ஆடும் காலத்தை முழுசாக முடித்த அத்தனை பெண்களும் பட்டம் வாங்கினார்கள். அத்தனை பேரும்!

பி.காம்காரன் பாஷையில் சொன்னால், இது குட்வில். பொருட்களின் பட்டியலில் தேடினால் அகப்படாது. ஆனால், கடையே அதை வைத்துத்தான் நடக்கும்.

இப்போது என் வீட்டு விஷயம். என் மகள் ஒன்பதாவது படிக்கிறாள். 400 மீட்டர் ஓடுகிறாள். மாவட்டப் போட்டியில் மூன்றாவது இடம். அடுத்த வருஷம் பத்தாவது என்றதும் வீட்டில் பேச்சு ஆரம்பித்துவிட்டது. ‘என்னங்க, ரெண்டு வருஷம் நிறுத்திட்டு அப்புறம் ஓடட்டுமே’ என்றாள் மனைவி. பதினாலு வயதில் இரண்டு வருஷத்தை நிறுத்தினால், பதினாறில் அதே கால் இருக்காது. மனைவி சொல்வதிலும் தப்பில்லை. நம் வீடுகளில் பத்தாவது மார்க்கைத் தாத்தா, பாட்டி, எதிர் வீட்டுக்காரர்வரை எல்லோரும் விசாரிப்பார்கள்.

கோச்சிடம் போய் நேராகவே கேட்டேன். ‘சார், இவளுக்கு மெடல் வருமா?’

‘கியாரன்டி தர மாட்டேன் சார்’ என்றார். ‘ஆனா, அவ மார்க் ஷீட்டை மாசாமாசம் எங்கிட்ட காட்டணும். மார்க் இறங்குனா மொதல்ல கேக்குறது நானாத்தான் இருப்பேன். போன வாரம் ரிலேயில பேட்டனைக் கீழ விட்டது வேற பொண்ணு. அந்தப் பொண்ணு பக்கத்துல போய் முதல்ல உக்காந்தது உங்க பொண்ணு. அது ஒண்ணு போதும் எனக்கு.’

வீட்டுக்கு வந்து மனைவியிடம் அப்படியே சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, ‘காலையில அஞ்சரைக்கு நீங்கதான் கொண்டுபோய் விடணும்’ என்றாள். தீர்ப்பு முடிந்தது! அரையாண்டில் கணக்கில் 11 மார்க் குறைந்தது. கோச் சொன்னபடி கூப்பிட்டுக் கேட்டார். இரண்டு நாள் மாலைப் பயிற்சியைக் குறைத்து, அந்த நேரத்தில் கணக்குப் போடச் சொல்லியிருக்கிறார். ஆண்டுத் தேர்வில் என்ன ஆகும் என்று எனக்கும் கொஞ்சம் வயிற்றைக் கலக்குகிறது. ஆனாலும் காலை அஞ்சரைக்கு வண்டியை எடுத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். அடுத்த பேரன்ட்ஸ் மீட்டிங்குக்குப் போகும்போது, மேத்ஸ் டீச்சர் முன்னால் க்யூ நீளமாக இருக்கும். பி.டி. சார் முன்னால் க்யூவே இருக்காது. அவர் கேட் பக்கத்தில் நம் டூ-வீலர்களை வரிசையாக நிறுத்தவைத்துக்கொண்டிருப்பார். வண்டியை ஸ்டாண்ட் போட்டுவிட்டு, அவரிடம் ஒரு நிமிஷம் பேசுங்கள். முதலில் பெயரைக் கேளுங்கள். அப்புறம் இதைக் கேளுங்கள்:

‘சார், என் பிள்ளை தோத்துப்போனா எப்படி நடந்துக்கறான்?’

அந்தப் பள்ளியில் இதற்குப் பதில் தெரிந்தவர் அவராகத்தான் இருப்பார்.