தொழில்: இல்லத்தரசி

அம்மாவின் மருத்துவக் கோப்பு என்னிடம்தான் இருக்கிறது. முதல் தாளில் பெயர், வயது, ஊர். அதற்குக் கீழே ‘தொழில்’ என்ற இடத்தில் ‘இல்லத்தரசி’ என்று எழுதியிருக்கிறது. கையெழுத்து என்னுடையது.

2009ஆம் ஆண்டு. கோயம்புத்தூரில் பி.எஸ்சி. வேதியியல் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தேன். அம்மாவுக்கு மூன்று மாதமாக இருமல் நிற்கவில்லை. மருத்துவமனையில் சீட்டை நிரப்பித் தரச் சொன்னார்கள். வரிசையில் எனக்குப் பின்னால் என் வகுப்புத் தோழியின் அம்மா நின்றிருந்தார். ‘கல் குவாரிக் கூலி’ என்று எழுதக் கை வரவில்லை. ‘இல்லத்தரசி’ என்று எழுதிச் சீட்டைக் கொடுத்துவிட்டேன்.

அப்போது அம்மா கிணத்துக்கடவுப் பக்கம் குவாரிகளிலும் கிரஷர்களிலும் 22 வருடம் வேலை பார்த்து முடித்திருந்தாள். 1987இல் கல்யாணமாகி வந்த புதிதில் சுத்தியலால் ஜல்லி உடைத்தாள். நான் பிறந்தபோது மூன்று மாதம் மட்டும் வேலைக்குப் போகவில்லை. பிறகு கிரஷர் வந்தது. கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் சிந்திக் குவியும் தூளையும் சிப்ஸையும் கூட்டி அள்ளி, இரும்புச் சட்டியில் நிரப்பி, சும்மாட்டின் மேல் வைத்துத் தூக்கிக்கொண்டு போய்க் கொட்ட வேண்டும். சேலைக்கு மேல் அப்பாவின் பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொள்வாள். சாயங்காலம் அந்தச் சட்டையை வாசலில் நின்று உதறுவாள். பக்கத்தில் உட்கார்ந்து நான் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருப்பேன்.

எக்ஸ்ரே படத்தைப் பார்த்த மருத்துவர் டிபி என்றார். சளியில் கிருமியும் இருந்தது. ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டாள். கிருமி போய்விட்டது, ஆனால் இருமல் போகவில்லை. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. “வயசாவுதில்ல கண்ணு” என்றாள். அவளுக்கு அப்போது நாற்பத்தொன்று.

எனக்கு விளங்கியது எட்டு வருடம் கழித்துத்தான். 2017இல் கல் குவாரிகளில் தூசி அளக்கும் ஓர் ஆய்வில் களப்பணியாளராகச் சேர்ந்தேன். வேதியியல் படித்தவள், குவாரிப் பக்கம் பேச்சு தெரிந்தவள் என்பதால் கிடைத்த வேலை. அம்மாவின் தொழிலை அங்கேயும் நான் சொல்லவில்லை.

கொங்குப் பகுதியின் பாறைகளில் பெரும்பாலும் குவார்ட்ஸ் இருக்கிறது. அதாவது படிகச் சிலிகா. பாறையை உடைக்கும்போது பறக்கும் தூசியில் கண்ணுக்குத் தெரிவது மூக்கிலும் தொண்டையிலும் தங்கிவிடும், இருமித் துப்பிவிடலாம். ஆபத்து கண்ணுக்குத் தெரியாத தூசியில்தான் இருக்கிறது. தலைமுடியின் பருமனில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத துகள்கள் நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போய்விடுகின்றன. அவற்றை விழுங்கி அழிக்க வரும் செல்கள் தாங்களே செத்துப்போகின்றன. அந்த இடம் தழும்பாகி இறுகிவிடுகிறது. இதற்குப் பெயர் சிலிகோசிஸ். குணப்படுத்த மருந்து இல்லை. வேலையை விட்ட பிறகும் தழும்பு வளர்ந்துகொண்டே போகலாம். இந்த நுரையீரலில் காசநோய்க் கிருமியும் எளிதாகக் குடியேறிவிடும். எவ்வளவு தூசி அதிகம்? அமெரிக்கா 2016இல் தொழிற்கூடங்களுக்கு வைத்த வரம்பு ஒரு கனமீட்டர் காற்றில் 50 மைக்ரோகிராம் சிலிகா. ஒரு ஷிப்டில் ஓர் ஆள் சுமார் பத்துக் கனமீட்டர் காற்றைச் சுவாசிப்பதாகக் கணக்கு. அப்படியானால் நாள் முழுவதற்கும் அரை மில்லிகிராம். உப்புக் கல் சிலவற்றின் எடைதான்.

அதை அளக்க ஒரு சின்ன பம்பை இடுப்பில் மாட்ட வேண்டும். அதிலிருந்து போகும் குழாயின் நுனியில் வடிதாள் வைத்த டப்பா. அது மூக்குக்கு ஓரடி தூரத்துக்குள், சட்டைக் காலரில் இருக்க வேண்டும். ஷிப்ட் முடிந்ததும் வடிதாளை எடை போட்டு, அதில் எவ்வளவு குவார்ட்ஸ் என்று பார்ப்பார்கள். யாருக்கு மாட்டுவது என்று எங்களிடம் ஒரு பட்டியல் இருந்தது. துளை போடுகிறவர், வெடி வைக்கிறவர், கிரஷர் ஆப்பரேட்டர், டிப்பர் டிரைவர். குவாரிப் பதிவேட்டிலிருந்து எடுத்த பட்டியல். அதில் ஒரு பெண்கூட இல்லை. பதிவேட்டை மூடிவிட்டு வெளியே வந்தால் பெல்ட்டுக்கு அடியில் ஒன்பது பெண்கள் நின்றார்கள். அவர்கள் மேஸ்திரியின் ஆட்கள். வாரக்கூலி மேஸ்திரி கையிலிருந்து வரும். பதிவேட்டில் பேர் ஏறாது.

ஒரு பம்ப் மிச்சமிருந்தது. அங்கிருந்த ஓர் அக்காவிடம், “இதைப் போட்டுக்கறீங்களாக்கா?” என்று கேட்டேன். பெல்ட் போட்ட பேன்ட்டுக்காகச் செய்த கொக்கி அது, சேலைக் கொசுவத்தில் நிற்கவில்லை. கடைசியில் ஒரு துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டி அதில் மாட்டினோம். குழாயின் நுனியை அவர் போட்டிருந்த ஆம்பளைச் சட்டையின் காலரில் செருகினேன். அந்தக் காலரைத் தொட்டபோதுதான் எனக்குக் கை நின்றது. அதே நரநரப்பு, அதே வாசம். “என்ன கண்ணு, குத்திப்போட்டயா?” என்று கேட்டார் அந்த அக்கா. “எங்கம்மாவும் இந்த வேலைதானுங்க்கா” என்றேன். வெளியாள் ஒருவரிடம் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அவர் சட்டியைத் தலையில் ஏற்றியபோது தூள் விளிம்பிலிருந்து முகத்தில் வழிந்தது. துளை போடுகிறவருக்குத் தூசி கால்மாட்டிலிருந்து கிளம்பும். சட்டி தூக்கும் பெண்ணுக்கு அது தலைக்கு மேலிருந்து மூக்கு வழியாக இறங்கும். முந்தானையை இழுத்து மூக்கில் கட்டிக்கொள்கிறார்கள். துணியின் இழைகளுக்கு நடுவே அந்தத் துகள் நூறு சேர்ந்து நுழையும். எங்கள் ஆய்வுத் திட்டத்தில் இதை எழுத இடமே இருக்கவில்லை.

இந்த விடுபடல் இன்று நேற்று வந்ததல்ல. ஜெர்மானியரான அக்ரிகோலாவின் சுரங்க நூல் 1556இல் வெளியானது. கார்பேத்திய மலைச் சுரங்கங்களில் ஏழு கணவர்களைப் பறிகொடுத்த பெண்கள் இருந்ததாக அவர் எழுதியிருக்கிறார். ஏழு பேரும் தூசி தின்ற நுரையீரலால் செத்தவர்கள். சுரங்க நோயைப் பற்றி யார் எழுதினாலும் இந்தச் செய்தியை எடுத்துக் காட்டுவார்கள். அதே நூலில் பெண்கள் மேசையில் உட்கார்ந்து தாதுக் கல்லைப் பிரிக்கும் வேலையும் சொல்லப்பட்டிருக்கிறது. அவர்களுடைய நுரையீரலைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. விதவையாக எண்ணப்பட்ட பெண் தொழிலாளியாக எண்ணப்படவில்லை.

நம் நாட்டுச் சட்டமும் பெண்ணைப் பார்க்காமல் இருந்ததில்லை. 1929இல் தொடங்கிய விதிகளால் பெண்கள் நிலத்தடிச் சுரங்கங்களிலிருந்து படிப்படியாக வெளியேற்றப்பட்டார்கள். 1937இல் முழுத் தடை வந்தது. உலகப் போரில் நிலக்கரி வேண்டியிருந்தபோது, 1943இல், தடை விலக்கப்பட்டது. 1946இல் திரும்ப வந்தது. பாதுகாப்பு என்ற சொல் தேவைக்கேற்ப வந்து போயிற்று.

அம்மா வேலை பார்த்த காலம் முழுவதும் இருந்தது 1952ஆம் வருடச் சுரங்கச் சட்டம். அதன் 46ஆம் பிரிவு பெண்ணை நிலத்தடியில் இறங்கக் கூடாது என்றது, நிலத்துக்கு மேலே இரவு 7 மணியிலிருந்து காலை 6 மணிவரை வேலை செய்யக் கூடாது என்றது. 2019இல்தான் இது தளர்ந்தது. அதே சட்டம், ஆறு மீட்டருக்கு மேல் ஆழமில்லாத, ஐம்பது பேருக்கு மேல் ஆளில்லாத, வெடி வைக்காத கட்டுமானக் கல் குவாரிகளுக்குப் பெரும்பாலான பிரிவுகளிலிருந்து விலக்குக் கொடுத்தது. விலக்கு இல்லாத பிரிவுகள் ஆறு. அவற்றில் ஒன்று இந்த 46. ஆக, உடல்நலப் பிரிவுகள் எட்டாத சின்னக் குவாரியிலும் பெண் மீதான தடை மட்டும் எட்டியது. அவள் இரவில் வரக் கூடாது என்பதில் சட்டம் கவனமாக இருந்தது. பகலில் அவள் எதைச் சுவாசிக்கிறாள் என்பதில் அந்தக் கவனம் இல்லை.

அம்மாவின் குவாரியில் வெடி வைத்தார்கள், அதனால் விலக்குக் கிடையாது. விதிப்படி சேரும்போது ஒரு மருத்துவப் பரிசோதனையும், பிறகு ஐந்து வருடத்துக்கு ஒரு தடவையாவது எக்ஸ்ரேயோடு பரிசோதனையும் நடந்திருக்க வேண்டும். 22 வருடத்தில் நாலைந்து படங்கள். ஒன்றுகூட எடுக்கவில்லை. பதிவேட்டில் இல்லாத பெண்ணை யார் கூப்பிடுவார்கள்?

தடுக்கும் வழியும் புதிதல்ல. துளை போடும்போது தண்ணீர் விடுவது, கல் விழும் இடங்களில் தண்ணீர் தெளிப்பது, பெல்ட்டை மூடுவது, தூசியை உறிஞ்சி எடுப்பது. இவை எல்லாம் நூறு வருடத்துக்கு முந்தைய அறிவு. நான் போன கிரஷர்களில் தெளிப்பான் இருந்தது. பெல்ட்டின் மேல் முனையில் இருந்தது. அடியில், பெண்கள் கூட்டுகிற இடத்தில் இல்லை. பொறியாளர் வரைந்த படத்தில் அந்த இடத்தில் ஆள் இல்லை, அதனால் தண்ணீரும் இல்லை.

சாயங்காலம் அந்த அக்காவின் டப்பாவைத் திறந்தோம். காலையில் வெள்ளையாக வைத்த வடிதாள் சாம்பல் நிறமாகியிருந்தது. ஒருத்தியின் ஒருநாள் அளவு ஆய்வாகாது என்று எனக்குத் தெரியும். அதை வைத்துக் கேட்டுத்தான் அடுத்த கட்டத்தில் மேஸ்திரியின் ஆட்களையும் சேர்த்தார்கள். அட்டவணையில் ‘கூட்டி அள்ளுகிறவர்கள்’ என்று ஒரு வரிசை வந்தது. என் படிப்பால் நடந்த உருப்படியான காரியம் அந்த ஒரு வரிசைதான்.

பிறகு அம்மாவின் பழைய படங்களை எடுத்துக்கொண்டு தொழில்சார் நோய்கள் பார்க்கும் ஒரு மருத்துவரிடம் போனோம். அவர் படத்தைப் பார்ப்பதற்கு முன்பே அம்மாவிடம், “என்ன வேலை பார்த்தீங்கம்மா?” என்று கேட்டார். எத்தனை வருடம், என்னென்ன வேலை என்று ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டார். அம்மாவுக்கு ஆண்டுக்கணக்கு வராது. “இவ வயித்துல இருக்கறப்ப ஜல்லி ஒடச்சேன். தம்பி பள்ளிக்கூடம் போறப்ப பெல்ட்டுக்கு மாறினேன்” என்று சொன்னாள். டிபி வந்தது உண்மை, அதற்கு முன்பே சிலிகோசிஸ் இருந்திருக்கிறது என்றார் மருத்துவர்.

ராஜஸ்தானில் 2019இல் இந்த நோய்க்கென்று ஒரு கொள்கை கொண்டுவந்தார்கள். மருத்துவக் குழு சான்று தந்தால் தொழிலாளிக்கு நிவாரணம் உண்டு. எங்கே கேட்டாலும், சான்றுக்கு முதல் படி என்ன வேலை பார்த்தாய் என்பதுதான். அம்மாவிடம் அதற்கு இருந்த ஒரே எழுத்துச் சாட்சி என் கையெழுத்து. அது பொய் சொன்னது.

புதுச் சீட்டில் ‘தொழில்’ என்ற இடத்தில் ‘கல் குவாரி, கிரஷர், 22 வருடம்’ என்று எழுதினேன். அம்மா எட்டிப் பார்த்து, என்ன எழுதினாய் என்று கேட்டாள். வாசித்துக் காட்டினேன்.

“இதை எழுதுனா மருந்து மாறுமா கண்ணு?”

“மாறாதும்மா.”

கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள். பிறகு, “ஜல்லி ஒடச்சதையும் எழுது. அது தனி வேலை” என்றாள்.

எழுதினேன்.