பொதி கட்டுவோர்

கொக்குவில் ஒரு காலத்தில் சுருட்டுக் கொட்டில்களுக்குப் பேர்போன ஊர். சுருட்டுக்குத் தன் பெயரைச் சூட்டிய முதலாளியைத் தென்னிலங்கைக் கடைக்காரனும் அறிந்திருந்தான். ஆனால், சுற்றியவற்றைத் தரம் பார்த்துக் கட்டுக் கட்டி, கெடாமல் போய்ச் சேரும்படி பொதி செய்த தொழிலாளியை எவர் அறிந்தார்? பொருளைப் பயனாக்கும் உழைப்பின் ஒரு பகுதி என்றும் கண்ணுக்குத் தெரியாமலே போய்விடுகிறது. கணினி உலகத்திலும் இதே நிலைதான்.

என்னிடம் தமிழ் படித்த மாணவன் ஒருவன், இணையத்தளங்களை இயக்கும் வழங்கி மென்பொருள் ஒன்றை டெபியனுக்காகப் பொதியாக்குவதாகச் சொன்னான்.

"எழுதினது நீயோ?" என்று கேட்டேன்.

"இல்லை சேர், வேறை ஆக்கள் எழுதினது. நான் கட்டிக் குடுக்கிறன்."

டெபியன், 1993ஆம் ஆண்டில் இயன் மேர்டொக் தொடங்கிய இயங்குதளம். யுனிக்ஸ் மரபைப் பின்பற்றுவது. தன்னார்வலரின் கூட்டுழைப்பால் வளர்வது. மூல நிரலை எழுதியதோடு வேலை முடிந்துவிடுவதில்லை. அது எந்தெந்தத் துணைநிரல்களை நம்பியிருக்கிறதென்று பொதி கட்டுபவன் குறிக்கவேண்டும். வழங்கி முழு அதிகாரத்தோடு ஓடாமல், குறைந்த உரிமையுடைய தனிப் பயனராக ஓட வகைசெய்யவேண்டும். புதிய பதிப்பு வரும்போது பழைய தரவுகள் அழியாமற் காக்கவேண்டும். திருத்தம் செய்ய நேர்ந்தால், மூலத்தை அப்படியே விட்டுத் திருத்தத்தைத் தனிக் கோப்பாக வைக்கவேண்டும்.

இதைக் கேட்டபோது, 1887இல் கலித்தொகையை அச்சேற்றிய சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளையை நினைத்துக்கொண்டேன். நூலை இயற்றியவர் அவரல்லர். எனினும், ஏட்டுக்கும் வாசகனுக்கும் இடையில் நின்று அவர் சுமந்த பாரத்தை அற்பமென்று சொல்ல எந்தத் தமிழாசிரியனுக்கு மனம் வரும்?

இந்த உழைப்பைப் புறக்கணித்தால் என்ன நேரும் என்பதை 2024ஆம் ஆண்டு மார்ச் மாதம் உலகம் கண்டது. எக்ஸ்-இசட் என்னும் சுருக்க மென்பொருளைப் பல்லாண்டுகளாக ஊதியமின்றிப் பேணிவந்தவர் ஏறக்குறைய ஒரே மனிதர். அவர் களைத்திருந்த வேளையில் உதவுவதாக வந்து, நம்பிக்கையைச் சம்பாதித்துக்கொண்ட ஒருவர் அதற்குள் ஓர் இரகசியக் கதவை வைத்தார். அது டெபியனின் சோதனைப் பதிப்பு வரை வந்துவிட்டது. வழங்கியில் நுழைவதற்கு அரை வினாடி தாமதமாவதைக் கவனித்த அந்திரேஸ் பிரொய்ண்ட் என்னும் பொறியியலாளர் காரணத்தைத் தேடிப் பிடித்ததால், நிலைத்த பதிப்பு தப்பியது. பெருநிறுவனங்கள் கோடி கோடியாக இலாபம் ஈட்டும் கட்டடத்தின் ஒரு தூண், களைத்துப்போன ஒரு மனிதரின் தோளாக இருந்தது!

இது நமக்குத் தூரத்துச் செய்தியன்று. 1981 ஜூன் முதலாந் திகதி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. 2005இல் தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிம நூலகம் இன்று நம் நூல்களையும் பழைய சஞ்சிகைகளையும் காத்துவருகிறது. அது இயங்குவது மீடியாவிக்கி என்னும் கட்டற்ற மென்பொருளில். அத்தகைய மென்பொருளைப் பேணும் கைகள் ஓய்ந்துபோனால், ஏடுகளை அழிக்கத் தீ வேண்டியதில்லை, கவனிப்பின்மையே போதும்.

என் மாணவன் இரவில் இந்த வேலையைச் செய்கிறான். "இதுக்குச் சம்பளம் எவ்வளவு?" என்று வீட்டிலே கேட்கிறார்கள். வறுமை கேட்கும் அந்தக் கேள்வியில் தவறில்லை. பதில் சொல்லவேண்டியது அவன் மட்டுமல்ல. அவனுடைய உழைப்பை இலவசமாக அனுபவிக்கும் சமூகமுந்தான். பொதுச்சொத்தென்றால் எவரும் எடுத்துச் செல்லலாம் என்பது பாதி உண்மை. எவராவது பேணவேண்டும் என்பது மற்றப் பாதி. நம் பாடசாலைகளிலும் பல்கலைக்கழகத்திலும் இப்பணியைக் கல்வியின் ஒரு கூறாக மதித்து, அதற்கு நேரமும் உதவிப்பணமும் ஒதுக்கவேண்டும். அதைக் கேட்டுப் பெறும் பொறுப்பு ஆசிரியர்களாகிய நம்முடையது.