56 டிகிரி, அரை மணி நேரம்

தாயி, லேப் டெக்னீசியன் படிப்பை முடித்து வேலைக்குப் போகப் போகிறாய். தேவதானப்பட்டியில் பஸ் ஏறி நானும் இந்த வேலைக்குத்தான் காலமெல்லாம் போய்வந்தேன். கிருமியுள்ள சாம்பிளைச் சூடாக்கும் வேலையைப் பற்றி மட்டும் உன்னிடம் விளக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அதை யாரும் பெரிதாக நினைப்பதில்லை. எனக்கு அந்தக் கவலை உண்டு.

சிஃபிலிஸைக் கண்டறியும் வி.டி.ஆர்.எல். பரிசோதனைக்குச் சீரத்தை 56 டிகிரியில் 30 நிமிடம் வாட்டர் பாத்தில் வைப்போம். பரிசோதனையைக் குழப்பும் சில புரதங்களை அடக்கத்தான் அந்தச் சூடு. கொரோனா போன்ற, கொழுப்பு உறை போர்த்திய பல வைரஸ்களையும் அது முடக்கும். உறையும் புரதமும் குலைந்துவிட்டால் அவை நம் செல்லுக்குள் புக முடியாது. உள்ளே ஆர்.என்.ஏ. மிஞ்சியிருக்கும், பி.சி.ஆர். தேடுவது அதைத்தான். எபோலாவுக்கு 60 டிகிரியில் ஒரு மணி நேரம் என்று கணக்கு. ஹெபடைட்டிஸ் ஏ வைரஸோ அதையும் தாங்கிவிடும். எதிரே இருப்பது எது என்று தெரியாமல் சூட்டை நம்பாதே.

அரை மணி நேரம் என்றால், டியூபைத் தண்ணீரில் இறக்கிய நொடியிலிருந்து எண்ணக் கூடாது. உள்ளிருக்கும் திரவம் 56 டிகிரியைத் தொட்ட பிறகுதான் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். அதே அளவு தண்ணீர் ஊற்றிய இன்னொரு டியூபில் தெர்மாமீட்டரைச் செருகிப் பக்கத்தில் வை, அது சொல்லிவிடும். வெளித் தண்ணீரின் மட்டம் சாம்பிளின் மட்டத்துக்கு மேலே நிற்க வேண்டும். இவ்வளவு செய்தாலும் மூடியின் உட்புறம் ஒட்டிய துளிக்குச் சூடு போய்ச் சேராமல் இருக்கலாம். அந்த ஒரு துளியில் வைரஸ் உயிரோடு இருக்கும். அதனால் ஆறவிட்டு, சென்ட்ரிஃபியூஜில் ஒரு சுற்றுச் சுற்றி, பயோசேஃப்டி கேபினெட்டுக்குள் வைத்துத்தான் திறக்க வேண்டும். சூடாக்கியாச்சே என்று மேசையிலேயே திறப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். வயிறு கலங்கும்.

நம் மூங்கிலணை காமாட்சியம்மன் கோயிலில் அடைத்த கதவுக்குத்தான் பூசை. திறந்து பார்க்கணும் என்று நம்மில் யாரும் கை நீட்டியதில்லை. அந்த அடக்கம் உன் கைக்கும் வரட்டும்.

பயத்தில் சூட்டைக் கூட்டுவதும் தப்புதான். 60 டிகிரியைத் தாண்டினால் சீரம் கலங்கி, கூழாகிவிடலாம். சூடு பரிசோதனை முடிவையும் மாற்றிவிடலாம். 2020இல் கொரோனா பரிசோதனை தொடங்கியபோது, தமிழ்நாட்டில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டோடு நம் க.விலக்கில் இருக்கும் தேனி அரசு மருத்துவக் கல்லூரியும் முதல் கூடங்களில் ஒன்றாக இருந்தது. இதை நினைத்தால் இன்னும் பெருமையாக இருக்கிறது. அந்த நாட்களில் உலகம் முழுக்க ஒரு வாதம் நடந்தது. முதலில் சூடாக்கினால் ஊழியருக்குப் பாதுகாப்பு. ஆனால் வைரஸ் கொஞ்சமே உள்ள சாம்பிளில் ஆர்.என்.ஏ. சிதைந்து, நோய் இருப்பவருக்கும் 'இல்லை' என்று முடிவு வந்துவிடலாம். அந்தச் சீட்டை நம்பி அவர் வீட்டுக்குப் போவார், பேரனைத் தூக்கிக் கொஞ்சுவார். சூடாக்காமல், வைரஸை உடைக்கும் லைசிஸ் கரைசலை கேபினெட்டுக்குள் சேர்த்து அடக்குவதும் உண்டு. எந்த முறையானாலும், உங்கள் கூடத்தில் சோதித்துப் பார்த்து எழுதிவைத்த முறையை விட்டு விலகாதே. நீ பிழைக்கணும், அந்த நோயாளிக்கு உண்மையும் கிடைக்கணும். ஒன்றுக்காக இன்னொன்றை விடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதே.

வேலை முடிந்த டியூபைக் குப்பையில் வீசாதே. 56 டிகிரி சூட்டில் பாக்டீரியாவின் வித்துகள் சாகாது. அவற்றுக்கு 121 டிகிரி ஆட்டோகிளேவ் வேண்டும். கழிவை அள்ளவரும் அக்காவுக்கு எது வெந்தது, எது வேகாதது என்று தெரியாது. அவர் வருவதற்குள் கழிவுப் பையில் லேபிள் ஒட்டி, வாயைக் கட்டி வை. கையுறை இல்லாமல் வந்தால் ஒரு ஜோடி எடுத்துக் கொடு.