ஞாயிற்றுக்கிழமை இரவுகள்

அப்பாவின் சிறுநீரகங்கள் மெல்லச் செயலிழந்து வருவதாக அறிந்தபோது, அண்ணனும் தங்கையுமான நாங்கள் அஞ்சியது சிறுநீரகத்தைப் பற்றி மட்டுமே. நுரையீரலைப் பற்றி எவரும் எங்களிடம் பேசவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

முதல் அடையாளம் தலையணைதான். ஒன்று இரண்டாயிற்று, இரண்டு மூன்றாயிற்று. பின்னர் கூடத்துச் சாய்வு நாற்காலியிலேயே உறங்கலானார். இருமலும் சேர்ந்துகொள்ள, ஆஸ்துமா என்று நாங்களே முடிவுகட்டி இன்ஹேலர் வாங்கிக் கொடுத்தோம். அந்த மூன்று வாரங்களைப் பற்றிப் பேச்செடுத்தால் இன்றும் எங்களிருவரில் ஒருவர் எழுந்து சென்றுவிடுவது வழக்கம்.

நிகழ்ந்தது இதுதான். வெளியேற வேண்டிய நீரும் உப்பும் உடலிலேயே தேங்குகின்றன. மிகுந்துவிட்ட இரத்தத்தை இதயத்தின் இடப்பக்கம் தள்ளித் தீர்க்க முடியாதபோது, நுரையீரலின் நுண்குழாய்களிலிருந்து நீர் காற்றறைகளுக்குள் கசிகிறது. படுத்தால் கால்களில் தேங்கிய நீரும் மார்புக்குத் திரும்புவதால் மூச்சு முட்டுகிறது. நிமிர்ந்து அமர்ந்தால் சற்றே தணிகிறது. எக்ஸ்ரே படத்தில் இருபுறமும் வெண்மை விரிந்திருந்தது. மருத்துவர்கள் அதை வௌவால் சிறகு என்கிறார்கள். (கவிஞர்கள் எங்கெல்லாம் ஒளிந்திருக்கிறார்கள்!) இரத்தத்தில் அமிலமும் மிகும்போது, அதை ஈடுகட்டக் கரியமில வாயுவை வெளியேற்றியபடி நுரையீரல் ஆழ்ந்து ஆழ்ந்து இயங்குகிறது. தன் வீட்டில் நீர் புகுந்த நிலையிலும் பக்கத்து வீட்டு வேலையைச் செய்துகொண்டிருந்தது அது.

நாஜிகளின் பிடியிலிருந்த ஹாலந்தில், 1943இல், வில்லம் கோல்ஃப் மர உருளையில் செலோஃபேன் குழாயைச் சுற்றிச் செயற்கைச் சிறுநீரகம் அமைத்தார். அவருடைய தொடக்ககால நோயாளிகளில் ஏறக்குறைய அனைவரும் இறந்தனர். 1945இல் 67 வயதுப் பெண்மணி ஒருவர் பிழைத்தார். அந்த உருளையின் வழித்தோன்றலோடுதான் அப்பா திங்கள், புதன், வெள்ளிகளில் நான்கு மணி நேரம் பிணைக்கப்பட்டிருந்தார். இரண்டாம் வாரமே ஒற்றைத் தலையணையில் உறங்கினார்.

சனியும் ஞாயிறும்தான் கொடியவை. இயந்திரமில்லாத அந்த இரு நாட்களில் அருந்தும் நீர் பெரும்பாலும் உள்ளேயே தங்கிவிடும். ஒரு லிட்டர், ஒரு கிலோ. டம்ளரில் அளந்தே கொடுத்தோம். எங்களை வளர்த்தவருக்குத் தண்ணீர் மறுக்கும் காவலர்களானோம்.

ஒரு ஞாயிறு இரவு, சமையலறை இருட்டில் பானையருகே நின்றிருந்தார். விளக்கைப் போடாமல் "அப்பா" என்று மட்டும் அழைத்தோம்.

"வாய் கொப்பளிக்கத்தாம்மா," என்றார்.

மறுநாள் எடை மூன்று கிலோ கூடியிருந்தது.