பிடிக்காமல் சுற்றிய எஞ்சின்

பழைய பொருள் ஒன்று கைமாறும்போது நம் சட்டம் வாங்குபவரிடம் கண்டிப்பாகவும் விற்பவரிடம் தாராளமாகவும் நடந்துகொள்கிறது. 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தில் 16-ஆம் பிரிவு, பொருளின் தரத்துக்கு விற்பவர் தானாகவே பொறுப்பேற்றதாகக் கொள்ள முடியாது என்றுதான் தொடங்குகிறது. விலக்குகள் அதற்குப் பிறகே வருகின்றன. அவற்றில் முக்கியமான இரண்டும் அந்தப் பொருளை வியாபாரமாக விற்பவருக்கே பொருந்தும். கடையில் வாங்கியவருக்குச் சட்டம் ஓரளவு துணை நிற்கும். தனி ஆளிடம் வாங்கியவரிடம், பார்த்து வாங்கியிருக்க வேண்டியதுதானே என்று கேட்கும். மாடு, மோட்டார், மரக்கட்டில் எதுவானாலும் பெரும்பாலும் அந்தக் கேள்வி நியாயமானதுதான். அது எந்த இடத்தில் நியாயம் தவறுகிறது என்பதைப் பாப்பிரெட்டிப்பட்டியில் நடந்த ஒரு சின்ன விற்பனையில் பார்த்தேன். அந்த வழக்கில் நான் விற்றவருக்காக ஆஜரானேன்.

விற்கப்பட்டது நைட்ரோ எஞ்சின் வைத்த ஒரு ரிமோட் பந்தய வண்டி. பக்கி என்பார்கள். அசல் பந்தய வண்டியின் எட்டில் ஒரு பங்கு அளவு, நீளம் அரை மீட்டர் இருக்கும். பொம்மை என்று நினைத்துவிடக் கூடாது. 3.5 சி.சி. எஞ்சின், நிமிடத்துக்கு முப்பதாயிரம் சுற்றுக்கு மேல் போகும். கிளட்ச் உண்டு, டிஃபரன்ஷியல் உண்டு, எண்ணெய் நிரப்பிய ஷாக் அப்சார்பர்கள் உண்டு. பெட்ரோலில் ஓடாது. மெத்தனால், நைட்ரோமீத்தேன், எண்ணெய் மூன்றும் கலந்த எரிபொருள் வேண்டும். பிளக்கில் பொறி தெறிப்பதில்லை. அதில் இருக்கும் பிளாட்டினக் கம்பியை முதலில் பேட்டரியால் சூடேற்றிவிட்டால், அதன் பிறகு மெத்தனாலே அதைக் கனலாக வைத்திருக்கும். இந்த வேறுபாடுகள் பின்னால் வழக்கின் உயிர்நாடியாகப் போகின்றன என்பதால் இவ்வளவும் சொல்கிறேன்.

வாங்கியவர் பாப்பிரெட்டிப்பட்டியில் இரு சக்கர வாகன மெக்கானிக். விற்றவர் சேலத்தில் பொறியியல் படித்த மாணவர். 2017-க்கு முந்தைய ஆண்டுகளில் நடந்தது இது. போனில் படம் அனுப்பி, எஞ்சின் பக்கா கண்டிஷன் என்று எழுதி, 22,000 ரூபாய்க்குப் பேசி முடித்தார்கள். மாணவர் பெட்டியோடு பேருந்தேறி மஞ்சவாடி கணவாய் வழியாக வந்து பட்டறையிலேயே வண்டியைக் காட்டினார். பிளக்கைக் கழற்றிவிட்டு ஃப்ளைவீலை விரலால் சுற்றி, "எவ்ளோ ஃப்ரீயா சுத்துது பாருங்கண்ணா" என்றார். மெக்கானிக்கும் சுற்றிப் பார்த்தார். ஒரு தடங்கலும் இல்லை. கொண்டுவந்திருந்த கொஞ்சம் எரிபொருளை ஊற்றிக் காலி மனையில் இரண்டு மூன்று நிமிடம் ஓட்டியும் காட்டினார். எரிபொருள் கிடைப்பது கஷ்டம் என்று அவர் சொன்னதிலும் பொய் இல்லை. பணம் கைமாறியது. ரசீது எழுதவில்லை.

அடுத்து எரிபொருள் கையில் கிடைக்கவே வாரக்கணக்கில் ஆயிற்று. கிடைத்த பிறகு வண்டி கிளம்பியது. எஞ்சின் சூடேறியதும் நின்றது. ஆறவிட்டால் மறுபடி கிளம்பும், சூடானால் மறுபடி நிற்கும். பிஸ்டனும் ஸ்லீவும் தேய்ந்துபோயிருந்தன. புதிதாக அந்த ஜோடியை வாங்குவதென்றால் புது எஞ்சினின் விலையில் ஏறத்தாழப் பாதி போய்விடும். மாணவரிடம் கேட்டார். நீங்கள் பார்த்துத்தானே வாங்கினீர்கள் என்று பதில் வந்தது.

இப்படிப்பட்டவர்கள் முதலில் நுகர்வோர் மன்றத்தைத்தான் நினைப்பார்கள். அங்கே வழக்கறிஞர் இல்லாமலே வாதாடலாம், செலவும் குறைவு. ஆனால் அந்தச் சட்டம் வணிகரிடமிருந்து நுகர்வோரைக் காப்பதற்காக எழுதப்பட்டது. தன்னிடம் இருந்த ஒரே வண்டியை விற்ற மாணவரை வணிகர் என்று நிறுத்துவது கடினம். 1986-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அப்படித்தான் இருந்தது. 2019-இல் வந்த புதிய சட்டத்திலும் அந்த இடம் மாறவில்லை. ஆகவே முன்சீஃப் நீதிமன்றத்தில் பணம் கேட்டு உரிமையியல் வழக்குப் போட்டார். அப்போது பண வழக்குக்கு நீதிமன்றக் கட்டணம் ஏழரை சதவீதம். 22,000-க்கு 1,650 ரூபாய். 2017-இல்தான் அதை 3 சதவீதமாகக் குறைத்தார்கள்.

வழக்குரையில் இருந்தது ஒரே வாதம்: உண்மையை மறைத்து விற்றார், ஆகவே ஒப்பந்தம் ரத்தாக வேண்டும். இதற்கு 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்தைப் பார்க்க வேண்டும். வாயைத் திறக்காமல் இருப்பது மட்டுமே மோசடி ஆகாது என்கிறது 17-ஆம் பிரிவின் விளக்கம். பேச வேண்டிய கடமை இருந்தாலோ, மௌனமே ஒரு பேச்சாக நின்றாலோதான் அது மோசடி. 19-ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது: மௌனத்தாலோ தவறான கூற்றாலோ ஏமாந்திருந்தாலும், சாதாரண விழிப்போடு பார்த்திருந்தால் உண்மையைக் கண்டுபிடிக்கும் வசதி அவருக்கு இருந்தது என்றால் ஒப்பந்தத்தை ரத்து செய்ய முடியாது. என் கட்சிக்காரருக்காக நான் பிடித்துக்கொண்டது இந்த வரியைத்தான். வாங்கியவர் எஞ்சின் தெரியாத ஆள் இல்லை. எஞ்சினைப் பிரித்துக் கட்டுவதே அவர் பிழைப்பு. அவருக்கு இல்லாத வசதி வேறு யாருக்கு இருக்கும்?

இங்கிலாந்தில் 1965-இல் ஒரு ஜாகுவார் காரைப் பற்றி வந்த பார்ட்லெட் வழக்கின் தீர்ப்பையும் வைத்தேன். பழைய காரின் கிளட்ச் எதிர்பார்த்ததற்கு முன்பே போய்விட்டது. பழைய வண்டி வாங்குபவர் என்றைக்காவது கோளாறு வரும் என்று எதிர்பார்க்கத்தான் வேண்டும் என்று டென்னிங் பிரபு சொல்லிவிட்டார். அங்கே விற்றவர் வியாபாரி. அவரே தப்பினார் என்றால், வியாபாரியே அல்லாத மாணவர் எப்படிச் சிக்குவார்? தாளில் பார்த்தால் என் வாதத்தில் ஓட்டை இல்லை.

குறுக்கு விசாரணையில் மெக்கானிக்கிடம் எத்தனை ஆண்டு அனுபவம் என்று கேட்டேன். பதினோரு வருஷம் என்றார். பிளக்கைக் கழற்றிக் கையால் சுற்றிப் பார்த்தீர்களா? பார்த்தேன். எங்கேயாவது பிடித்ததா? "இல்லைங்க சார், அதனாலதான் வாங்கினேன்." அந்தப் பதில் எனக்கு வெற்றி என்றுதான் நீதிமன்றத்தில் இருந்தவர்கள் நினைத்திருப்பார்கள். பார்த்தார், திருப்தியடைந்தார், வாங்கினார். 19-ஆம் பிரிவு கேட்பது அவ்வளவுதான். ஆனால் எதிர்த்தரப்பு வழக்கறிஞர், என்னைவிட மிக இளையவர், மறுவிசாரணையில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: பிளக் இல்லாத பைக் எஞ்சின் சுற்றும்போது பிடித்தால் அதற்கு என்ன அர்த்தம்? "சீஸ் ஆகப்போகுதுன்னு அர்த்தங்க."

பந்தய நைட்ரோ எஞ்சினில் இது தலைகீழ். அதன் பிஸ்டனுக்கு ரிங் கிடையாது. அலுமினிய பிஸ்டன், குரோமியம் பூசிய பித்தளை ஸ்லீவுக்குள் ஓடும். அந்த ஸ்லீவ் மேலே போகப்போகச் சற்றுக் குறுகியிருக்கும். ஆகவே நல்ல நிலையில் உள்ள எஞ்சினில், பிளக் இல்லாவிட்டாலும் பிஸ்டன் உச்சிக்கு வரும்போது இறுக்கமாகப் பிடிக்கும். புது எஞ்சினில் கையால் சுற்றுவதே சிரமம். சூடேறி ஸ்லீவ் விரிந்த பிறகுதான் இரண்டுக்கும் சரியான இடைவெளி கிடைக்கும். ஃபில்டர் வழியாகத் தூசி புகுந்தாலோ, எரிபொருள் போதாமல் அளவுக்கு மீறிச் சூடாகி ஓடினாலோ அந்தப் பிடிப்பு போய்விடும். பிடிப்பு போன எஞ்சின் கைக்கு வெண்ணெய் போலச் சுற்றும், குளிரில் கிளம்பும், சூடானதும் அமுக்கம் போய் நிற்கும். பதினோரு ஆண்டுகள் பைக் பிரித்த கை எதை நல்ல அடையாளம் என்று கற்றிருந்ததோ, இந்த எஞ்சினில் அதுவே தேய்ந்துபோனதன் அடையாளம். எதுவும் தெரியாத ஒருவர் வாங்கியிருந்தால் ஒருவேளை யாரையாவது கூட்டிவந்து காட்டியிருப்பார். தெரிந்தவர் என்பதால் இவர் யாரையும் கேட்கவில்லை. சட்டமோ அவர் தெரிந்தவர் என்பதையே அவருக்கு எதிரான சாட்சியமாக ஏற்கத் தயாராக இருந்தது.

இன்னொரு ஆயுதமும் என்னிடம் இருந்தது. சரக்கு விற்பனைச் சட்டத்தின் 42-ஆம் பிரிவு, பொருளை வேண்டாம் என்று சொல்லாமல் நியாயமான காலத்துக்கு மேல் வைத்திருந்தால் ஏற்றுக்கொண்டதாகவே கருதும். இவர் வாரக்கணக்கில் வைத்திருந்தார். ஏன் என்று கேட்டிருக்கலாம். அதற்கு உண்மையான பதில், எரிபொருள் கிடைக்கவில்லை என்பது. ஏன் கிடைக்கவில்லை என்று போனால், அதில் பெரும்பங்கு மெத்தனால். தமிழ்நாட்டில் மெத்தனாலை வைத்திருக்கவும் கொண்டுசெல்லவும் 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டத்தின் கீழ் 1959-இல் வந்த விதிகள் உரிமம் கேட்கின்றன. எண்ணெயும் நைட்ரோமீத்தேனும் கலந்த பந்தய எரிபொருளுக்கு அந்த விதி பொருந்துமா என்பது வாதத்துக்கு உரியது. ஆனால் ஒரு மெக்கானிக் சாட்சிக் கூண்டில் நின்று தன் தாமதத்தை விளக்கப்போய், தன் மேல் வேறொரு சட்டத்தை இழுத்துக்கொள்ளும் அபாயம் இருந்தது. உண்மையைச் சொன்னால் அந்தச் சட்டம், சொல்லாவிட்டால் 42-ஆம் பிரிவு. நான் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. பேருந்தில் எரிபொருள் கொண்டுவந்தவர் என் கட்சிக்காரர் என்பதும் அதற்கு ஒரு காரணம்.

மெத்தனால் விதி தேவையற்றது என்று நான் சொல்ல மாட்டேன். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. அதே மாத இறுதியில் சட்டமன்றம் மதுவிலக்குச் சட்டத்தின் தண்டனைகளை ஆயுள் சிறைவரை உயர்த்தியது. கல்வராயன் மலைக்கு இந்தப் பக்கம் வாழும் எங்களுக்கு அந்த விதியின் அவசியம் தெரியும். நான் சொல்ல வருவது வேறு. வாங்கும் முன் நன்றாகச் சோதித்துப் பார் என்று ஒரு சட்டம் சொல்கிறது. சோதிப்பதற்கு வேண்டிய பொருளை எளிதில் தொடாதே என்று இன்னொரு சட்டம் சொல்கிறது. இரண்டும் தனித்தனியே நியாயமானவை. இரண்டையும் ஒரே மனிதர் மேல் ஒரே நேரத்தில் வைத்தால் அவருக்குச் சோதிக்க வழியே இல்லை. அப்புறம் நீ சோதிக்கவில்லை என்று அவரைக் கேட்பதில் என்ன நியாயம்?

மாணவர் கூண்டு ஏறினார். என் அலுவலகத்தில் அவர் என்னிடம் பேசியது சாட்சியச் சட்டப்படி என்னோடேயே இருக்க வேண்டியது. அதை நான் எழுதப்போவதில்லை. பதிவில் இருப்பதைச் சொல்லலாம். நல்ல எஞ்சின் உச்சியில் பிடிக்கும் என்பது தெரியுமா? தெரியும். வாங்கியவரிடம் சொன்னீர்களா? "அவர் கேட்கல." ஃப்ரீயாகச் சுற்றுகிறது பாருங்கள் என்று சொன்னது உண்டா? உண்டு.

அந்த வாக்கியம் பொய் இல்லை. எஞ்சின் உண்மையிலேயே தடையின்றிச் சுற்றியது. ஆனால் கேட்பவர் எந்த அர்த்தத்தில் எடுத்துக்கொள்வார் என்பது தெரிந்தே சொல்லப்பட்ட உண்மை அது. அதை மௌனம் என்று வைத்தால் 19-ஆம் பிரிவின் விலக்கு என் கட்சிக்காரரைக் காப்பாற்றும். வேண்டுமென்றே மறைத்த செயல் என்று வைத்தால் அந்த விலக்கு அவருக்கு இல்லை. 22,000 ரூபாய் வழக்கு இந்த மெல்லிய கோட்டின் மேல் நின்றது. எந்தப் பக்கம் விழும் என்று எனக்கு நிச்சயமில்லை. நீதிபதிக்கும் இல்லை என்பது அவர் பேனாவை மூடிவைத்ததில் தெரிந்தது.

தேய்மானம் விற்பனைக்கு முன்பே இருந்ததா, வாங்கியவர் ஓட்டியதில் வந்ததா என்று ஒரு நிபுணர் சொல்ல வேண்டியிருந்தது. எங்கள் மாவட்டத்தில் அப்படி ஒருவர் இல்லை. நீதிமன்ற ஆணையர் மூலம் வெளியூரிலிருந்து ஒருவரை வரவழைத்தால் அதற்கான செலவு வழக்குத் தொகையை விழுங்கிவிடும். வழக்கை மக்கள் நீதிமன்றத்துக்கு அனுப்பலாமா என்று நீதிபதி கேட்டார். இரு தரப்பும் சரி என்றோம். 9,000 ரூபாய், இரண்டு தவணை, வண்டி வாங்கியவரிடமே இருக்கும் என்று முடிந்தது. வாங்கியவர் கையெழுத்திடுமுன் தன் வழக்கறிஞரிடம், "நான் ஏமாந்தேன்னு இதுல எழுதுவாங்களா?" என்று கேட்டார். எழுத மாட்டார்கள். சமரச ஆணையில் யார் தவறு என்ற வரி இருக்காது.

அந்த ஆணைக்கு மேல்முறையீடும் கிடையாது. தீர்ப்பே வந்திருந்தாலும் இந்தக் கேள்வி வெகுதூரம் போயிருக்காது. 25,000 ரூபாய்க்கு மேற்படாத பண வழக்கில் இரண்டாவது மேல்முறையீடு இல்லை என்கிறது உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 102-ஆம் பிரிவு. உயர் நீதிமன்றத்தின் நேரத்தைச் சிறு வழக்குகள் தின்னக் கூடாது என்பது அதன் நோக்கம். அதன் விளைவு, சாதாரண விழிப்பு என்பது யாருடைய விழிப்பு என்ற கேள்விக்குப் பழைய பைக், பழைய பம்ப்செட், பழைய போன் வாங்குகிறவர்களின் கோணத்திலிருந்து உயர் நீதிமன்றம் பதில் சொல்லும் வாய்ப்பு மிகக் குறைவு. அவர்களுடைய வழக்குகள் பெரும்பாலும் அந்தத் தொகைக்குள்ளேயே அடங்கிவிடுகின்றன. மாணவர் இரண்டு தவணையையும் நாள் தவறாமல் கட்டினார். சமரசத்தில் முடிந்ததால் வாங்கியவருக்கு 1,650 ரூபாய் கட்டணமும் திரும்பக் கிடைக்க வேண்டும். அதற்கான மனுவை அந்த இளம் வழக்கறிஞர் பணம் வாங்காமல் எழுதிக் கொடுத்தார்.